நேர்ந்துவிட்ட பறங்கி

"ரெக்கை இருக்கா இல்லையா? அதை முதல்ல சொல்லு."

"சிலதுக்கு இருக்கும்மா. சிலதுக்கு இல்ல."

"அப்படிச் சொன்னா உன்னை எந்த அறைக்கு அனுப்புறது? பறக்குற பூச்சிக்கு மாடி. ஊர்ற பூச்சிக்குக் கீழே, கக்கூஸ் பக்கத்து அறை."

"எல்லாம் ஒரே பூச்சிதான். இலைக்கடியில கூட்டம் நெருக்கினா கொஞ்சத்துக்கு ரெக்கை முளைக்குது. முளைச்சதும் அடுத்த கொடிக்குப் போயிடுது."

"அப்ப முளைச்சதைத் தனியா, முளைக்காததைத் தனியா கொண்டுவந்திருக்கணும். ரெண்டையும் ஒரே பையில போட்டு என் மேசையில வச்சா நான் என்ன பண்ணுவேன்?"

ஐசாக்கே தன் ரொட்டிப் பையைப் பார்த்தான். உள்ளே ஒரு பறங்கி இலை இருந்தது. பச்சையும் மஞ்சளுமாகத் தேமல் படர்ந்து, ஓரம் சுருண்டு, கொதிநீர் பட்டது போலக் கிடந்தது. அதன் அடியில் செடிப்பேன்கள் கடுகுப் பொடி தூவியது போல அப்பியிருந்தன. காலையில் பறித்தபோது அவை உயிரோடு இருந்தன. பஸ்ஸில் வந்த களைப்பில் பாதி செத்துவிட்டன.

முன்மேசையில் இருந்த லாவினியா தாழைமடல் விசிறியால் தன் கழுத்துக்கு வீசிக்கொண்டாள். கொடிப்பயிர்க் காப்பு வாரியத்துக்குள், மரியாதைக்கு உடைமேல் சுற்றும் இடுப்புப் பாய் கட்டாமல் நுழைவது, அந்தத் தீவின் மண்ணுக்கு உடையவரான பிரபுவுக்கு முதுகு காட்டுவதற்குச் சமம். வயலிலிருந்து நேரே ஓடிவந்த ஐசாக்கே, மறந்து வருகிறவர்களுக்கென்று வாசலில் மாட்டியிருந்த வாரியத்துப் பாயை வாங்கிக் கட்டியிருந்தான். அதைப் பூச்சி அரித்திருந்தது. அது ஊரும் பூச்சியா, பறக்கும் பூச்சியா என்று இன்னும் முடிவாகாததால் யாரும் அந்தப் பாயை வெயிலில்கூடக் காயப்போடவில்லை.

"பூச்சி கிடக்கட்டும்மா. நோயைப் பத்திச் சொல்லத்தான் வந்தேன். பூச்சி கடிச்ச கொடியெல்லாம் தேமலாகுது."

லாவினியாவின் விசிறி நின்றது. "நோயா? நோய்ப் பிரிவு இந்தக் கட்டடத்திலேயே இல்ல. துறைமுகத்துப் பக்கம் இருக்கு. பூச்சின்னா எங்களுது, நோய்ன்னா அவங்களுது."

"பூச்சிதானே நோயைத் தூக்கிட்டு வருது?"

"தூக்கிட்டு வர்ற வரைக்கும் எங்களுது. இறக்கி வச்சப்புறம் அவங்களுது."

ஐசாக்கே மாடிக்குப் போனான். பறக்கும் பூச்சிப் பிரிவின் அதிகாரி பையை உலுக்கிப் பார்த்துவிட்டு, இதில் எதுவும் பறக்கவில்லையே என்றார். கீழே இறங்கினான். ஊரும் பூச்சிப் பிரிவின் அதிகாரி பையை மேசைமேல் கவிழ்த்து வெகுநேரம் காத்திருந்துவிட்டு, எதுவும் ஊரவும் இல்லை என்றார். இருவரும் உண்மையையே சொன்னார்கள். அதற்குள் எல்லாம் செத்திருந்தன.

அவன் கேட்க வந்தது இரண்டே காரியம். தன் வயலில் தேமல் கண்ட கொடிகளைப் பிடுங்கிப் புதைக்க வேண்டும். அதற்கு முன், தன் வயலுக்குக் காற்று வரும் பக்கத்தில் வாரியமே நட்டு வைத்திருந்த மாதிரித் தோட்டத்தைப் பிடுங்க வேண்டும். அந்தத் தோட்டத்தின் வாசலில் 'நோயற்ற பறங்கி' என்று ஒரு பலகை நின்றது. பலகைக்குப் பின்னால் ஒரு கொடிகூடப் பச்சையாக இல்லை. தென்கிழக்குக் காற்று அடிக்கும்போதெல்லாம் அங்கிருந்து ரெக்கை முளைத்த செடிப்பேன்கள் கிளம்பி, மணமகன் வீட்டார் போல உரிமையோடு ஐசாக்கேயின் வயலில் வந்து இறங்கின.

தேமல் கண்ட கொடியைப் பிடுங்க வேண்டும் என்று அவனுக்குச் சொன்னதே வாரியம்தான். தினமும் காலையில் வானொலியில் ஒரு பாடகர் குழு நான்கு குரலில் பாடும்: மஞ்சள் கண்டால் பிடுங்கிடுவோம், மண்ணைத் தோண்டிப் புதைத்திடுவோம், வாரியத்தில் சொல்லிடுவோம். ஐசாக்கே சொல்பேச்சு கேட்கிறவன். அவன் செய்த ஒரே பிழை, பாட்டின் மூன்றாம் வரியை முதலில் செய்தது. தேமல் கண்ட அன்றே வாரியத்துக்குச் சொல்லிவிட்டான். மறுநாள் ஒரு ஆள் வந்து தேமல் கண்ட கொடிகளுக்கெல்லாம் சிவப்பு நாடா கட்டிவிட்டு, வாரியம் வந்து பார்க்கும்வரை தொடக் கூடாது என்று சொல்லிப் போனான். செடிப்பேன்களிடம் அவன் எதுவும் சொல்லவில்லை.

பக்கத்து வயல்காரன் கெலேபி, ஐசாக்கேக்குப் பெரியப்பா மகன், வேலியில் சாய்ந்து சிரித்தான்.

"எனக்கும்தான் நாலு கொடியில வந்துச்சு. ராவோட ராவா பிடுங்கிப் பன்னிக்குப் போட்டேன். நீ போய் ஊரைக் கூட்டுற. உன் மூளையை யாருடா அடகு வாங்கினது?"

"சொல்லச் சொல்லிப் பாடுறாங்களே, அண்ணே."

"பாடுறவன் சம்பளத்துக்குப் பாடுறான். நீ எதுக்குடா ஆடுற?"

வாரியத் தலைவர் பௌலியாசியை அன்று வாரிய வாசலில் தற்செயலாகத்தான் பார்க்க முடிந்தது. காரில் ஏறப்போனவர் ஐசாக்கேயின் இடுப்பில் வாரியத்துப் பாயைக் கண்டு, தம் ஊழியன் என்று நினைத்து நின்றுவிட்டார். பெரிய உடம்பு, சின்னக் குரல். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பிரசங்கம் செய்கிறவர். எதற்கும் கோபப்பட மாட்டார்.

"மாதிரித் தோட்டத்தைப் பிடுங்கணுமா?" என்று அவர் மெல்லக் கேட்டார். "தம்பி, அது பிரபுவுக்கு நேர்ந்துவிட்ட தோட்டம். நடும்போதே காவா வேரை இடிச்சுக் கலக்கி எல்லாரும் குடிச்சு, பன்னி சுட்டு, முதற்கனி அவருக்குன்னு சொல்லியாச்சு. அதுல ஒரு கொடியைப் பிடுங்குறது பிரபுவோட தலைமுடியைப் பிடுங்குற மாதிரி. நீ பிடுங்குவியா?"

"ஐயோ, இல்லைங்கய்யா."

"அப்ப என்னைப் பிடுங்கச் சொல்றியே."

"ஆனா அங்க இருந்து நோய் வருதுங்கய்யா."

"பிரபுவுக்கு நேர்ந்த தோட்டத்துல நோய் இருக்குன்னு சொல்றியா?"

மண் பிரபுவின் மண். பொய் சொன்னால் ஆண்டவர் மன்னிப்பார். உண்மை சொன்னால் யார் மன்னிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டில் அவன் மனைவி சினிவா கப்பக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் மகள் தாய் மடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன வருடம் பறங்கி விளையாததால் ஐசாக்கே கூலிக்குப் பழம் பறிக்க நியூசிலாந்துக்குப் போயிருந்தான். திரும்பி வந்து விமான நிலையத்தில் கையை நீட்டியபோது, பிள்ளை அவனைப் பார்த்து வீறிட்டு அழுதது. அழுகை நிற்க வாரக்கணக்கானது. இந்த வருடம் போகவே மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்துத்தான் பறங்கி நட்டான்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் சினிவா.

"வந்து பாக்குறாங்களாம்."

"பாத்து?"

"பாத்துட்டுச் சொல்றாங்களாம்."

"காய் ஏத்துற கப்பல் காத்திருக்காதுங்க. ஜப்பான்காரன் நம்ம பிரபுவைப் பாத்துக் காய் வாங்குறதில்ல. இந்தத் தடவையும் நீங்க போனா, இவ உங்களை மாமான்னு கூப்பிடுவா."

வாரியம் வந்தது. வாரியம் வருகிறதென்றால் சும்மாவா? மண்ணடுப்பு தோண்டி, பன்றிக்குட்டி சுட்டு, சேப்பங்கிழங்கு இலையில் தேங்காய்ப்பாலும் டின் இறைச்சியும் பொதிந்து வேகவைத்து, வயலோரம் பாய் விரித்து, முதலில் வரவேற்புரை. வரவேற்புரைக்கு நன்றியுரை. நன்றியுரைக்குப் பதிலுரை. அதற்குள் செடிப்பேன்கள் ஒரு தலைமுறை பெற்று வளர்த்திருக்கும்.

பிறகு எல்லாரும் வயலில் இறங்கினார்கள். தகுதி குறைந்தவன் முன்னே நடக்கக் கூடாதென்பதால் ஒருவர் பின் ஒருவராக, பதவி வரிசையில் நடந்தார்கள். முன்னால் பௌலியாசி ஒரு மடக்குக் கத்தியோடு போனார். சிவப்பு நாடா கட்டிய கொடியில் ஓர் இலையை அறுத்து முகர்ந்தார். அடுத்து நாடா கட்டாத கொடியில் ஒன்றை அறுத்து முகர்ந்தார். வித்தியாசம் தெரியவில்லை என்று மறுபடி நாடாவுக்குப் போனார். அதே கத்தி, அதே கை, அதே புன்னகை. பின்னால் வந்தவர்களும் தலைவர் முகர்ந்ததை முகர்ந்தார்கள்.

"கத்தியைத் துடைச்சுக்கிறீங்களா ஐயா?" என்று ஐசாக்கே கேட்டான். இலைச்சாறு வழிந்து அவர் சட்டையில் சொட்டியதால்தான் கேட்டான். வேறெந்த விவரமும் அவனுக்குத் தெரியாது.

"பரவாயில்ல தம்பி. இது அரசாங்கச் சட்டை."

கொஞ்ச நாளில் வயலின் நடுவே ஒரு மஞ்சள் கோடு எழுந்தது. வாரியம் எங்கே நடந்தது, எங்கே கத்தி வைத்தது, எங்கே திரும்பியது என்பதைக் கொடிகளே காட்டின. தலைவர் நெடுநேரம் நின்ற இடத்தில் மஞ்சள் வட்டமாகப் படர்ந்திருந்தது. கெலேபி வேலியிலிருந்து அதைப் பார்த்தான். இந்த முறை சிரிக்கவில்லை.

"அவங்களை இன்னொரு தடவை கூப்பிட்டுடாதடா" என்று மட்டும் சொன்னான்.

நாடா கட்டிய கொடிகளைப் பற்றிய முடிவு வரவில்லை. அதற்குப் பதிலாக உதவி வந்தது. மருந்து தெளிக்கும் இயந்திரம் அவனுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதாக லாவினியா சொல்லி அனுப்பினாள். ஐசாக்கே ஓடினான்.

"உன் முறை ஞாயித்துக்கிழமை" என்றாள் அவள்.

"ஞாயித்துக்கிழமை ஓய்வுநாளாச்சே, வயல்ல இறங்கினா போலீஸ் பிடிக்குமேம்மா."

"ஆமா. பிடிக்கும்."

"வேற நாள் தர முடியாதா?"

"எல்லாருக்கும் ஞாயித்துக்கிழமைதான் முறை. மத்த நாள்ல மிஷினைத் துடைச்சு வைக்கணும்ல? எவ்வளவு புதுசா இருக்கு பாரு, வாங்கி எத்தனை வருஷமாச்சு."

அந்த ஞாயிறு தேவாலயத்தில் பௌலியாசி ஓய்வுநாளைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஆறு நாள் உழைப்பவனே ஏழாம் நாள் ஓயத் தகுதியுள்ளவன் என்றார். ஓய்வுநாளில் இயந்திரத்தைத் தேடுகிறவர்களும் நம் நடுவே இருக்கிறார்கள் என்று சொல்லிக் கண்ணை மூடி ஜெபித்தார். பாதி ஊர் திரும்பி ஐசாக்கேயைப் பார்த்தது. சினிவா தலையை நிமிர்த்தி நேரே பார்த்தபடி இருந்தாள். வெளியே காற்று தென்கிழக்கிலிருந்து அடித்தது. செடிப்பேன்களுக்கு ஓய்வுநாள் கிடையாது.

திங்களன்று வாரியத்திலிருந்து செய்தி வந்தது: தந்த உதவியை ஐசாக்கே மறுத்துவிட்டார்.

முதற்கனி விழா நெருங்கியது. வயலில் முக்கால் பங்கு போய்விட்டது. காய்த்தவையும் பரு வந்த முகம் போலப் புடைத்திருந்தன. ஆனால் பின் மூலை மட்டும் தப்பி நின்றது. அங்கே சினிவாவுக்குச் சுட்ட சோளம் பிடிக்குமென்று ஐசாக்கே சுற்றிலும் நெருக்கமாகச் சோளம் நட்டிருந்தான். வந்த செடிப்பேனெல்லாம் முதலில் சோளத்தில் இறங்கி வாயைத் துடைத்துக்கொண்டதோ என்னவோ, அதற்குப் பின்னால் இருந்த கொடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கரும்பச்சையில் சில காய்கள் முற்றியிருந்தன. இளம்பிஞ்சுகள் நிறைய இருந்தன. கப்பல் வரும்வரை அந்தப் பிஞ்சுகளைக் காப்பாற்றினால் பழம் பறிக்கப் போக வேண்டாம். அவ்வளவுதான் கணக்கு.

ஒரு சாயங்காலம் பௌலியாசி தனியாக, நடந்து வந்தார். அவர் நடந்து வந்ததை யாரும் பார்த்ததில்லை. பாயில் உட்கார்ந்து, பிள்ளையின் கன்னத்தைத் தட்டி, சினிவா கொடுத்த இளநீரைக் குடித்து, பறங்கியைத் தவிர எல்லாவற்றையும் பேசிவிட்டுக் கடைசியில் இருமினார்.

"உன் பின் மூலைக் காய் நல்லாயிருக்குன்னு கேள்விப்பட்டேன்."

"உங்க தயவுங்கய்யா" என்றாள் சினிவா. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மாதிரித் தோட்டத்துக் காய் இந்த வருஷம் கொஞ்சம் கூச்சப்படுது. பிரபு முன்னாடி வைக்க முடியாது. உன் காய் நாலு வாரியத்தோட காயா போகட்டும். உன்னையே தூக்கிட்டு வரச் சொல்றேன். காவா வட்டத்துல உனக்கு ஒரு கோப்பை. உங்க அப்பாவுக்குக் கிடைச்சதா இந்த மரியாதை?"

ஐசாக்கே மாதிரித் தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினான்.

"தர்றேங்கய்யா. ஆனா விழா முடிஞ்ச மறுநாளே உங்க தோட்டத்தைப் பிடுங்கிப் புதைச்சிடணும். முதற்கனி குடுத்தாச்சுன்னா நேர்த்திக்கடன் முடிஞ்சுதே."

"விழா முடியட்டும் தம்பி. நல்லபடியா முடியட்டும்."

அவர் போன பிறகு சினிவா காலி இளநீர்க் கூட்டை ஓரமாக எறிந்தாள். "அவர் சரின்னு சொல்லலை."

"தலையாட்டினாரே."

"கொசு கடிச்சிருக்கும்."

விழாவுக்கு ஊரே கூடியது. பள்ளிப் பெண்கள் செடிப்பேன்களாக வேடமிட்டு, காகித ரெக்கை கட்டி வரிசையில் நின்று ஆடினார்கள். பாதிப் பேருக்கு ரெக்கை, பாதிப் பேருக்கு இல்லை. இரு பிரிவு அதிகாரிகளும் தத்தம் பகுதிக்கு மட்டும் கைதட்டினார்கள். காவா வட்டத்தின் தலைப்பில் பிரபு அமர்ந்திருந்தார். வயதானவர், நல்லவர், பாதித் தூக்கத்தில் இருந்தார். அவருக்காகப் பேசும் பேச்சாளர் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நடுவே புதுப் பாயில் ஐசாக்கேயின் பறங்கிகள் எண்ணெய் தடவிப் பளபளத்தன.

பௌலியாசி எழுந்து பேசினார்.

"பிரபு அவர்களே, இந்த வாரியம் தொடங்கியபோது நம் தீவில் பறங்கிக்கு ஒரே ஒரு நோய்தான் இருந்தது. அதைக் கவனிக்க ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். இன்று எத்தனை நோய்கள், எத்தனை பூச்சிகள்! ஒவ்வொன்றுக்கும் தனி அறை, தனி அதிகாரி, தனி நாற்காலி. இந்த வளர்ச்சிக்கு நாங்கள் மட்டும் காரணமல்ல. பூச்சிகளின் ஒத்துழைப்பும் உண்டு. சிலர் கேட்கிறார்கள், பூச்சியை ஏன் ஒழிக்கவில்லை என்று. ஒழித்துவிட்டால் நாளை எதை ஆராய்வது? எதிரியை மதிப்பவனே வீரன். எங்கள் மருந்து இயந்திரத்தில் இன்றுவரை ஒரு கீறல் இல்லை என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். எங்கள் தோட்டத்தில் நோயில்லை என்பதற்குச் வேறு சாட்சி எதற்கு? இதோ, காய்கள்."

பிரபு கண்ணைத் திறந்து காய்களைப் பார்த்தார். அவர் முகம் குழந்தையுடையது போல மலர்ந்தது. பேச்சாளரின் காதில் ஏதோ சொன்னார். பேச்சாளர் குரலை உயர்த்தினார்.

"பிரபு மகிழ்ந்தார். இப்படிப்பட்ட காய் தந்த தோட்டம் அழியலாகாது என்கிறார். அது என்றைக்கும் அவருடைய தோட்டமாகவே நிற்கும். அதில் ஒரு கொடியும் எவர் கையாலும் பிடுங்கப்படக் கூடாது. வரும் வருடம் அது இரண்டு மடங்காகப் பெருக வேண்டும்."

கூட்டம் வாழ்த்தியது. பௌலியாசி தலைகுனிந்து வணங்கினார். வணங்கி எழும்போது ஐசாக்கேயின் கண்ணை அவர் சந்திக்கவில்லை.

காவா கலக்கியவன் கோப்பையை நிரப்பினான். பெயர்கள் அழைக்கப்பட்டன. பிரபுவின் பெயர், பேச்சாளரின் பெயர், பௌலியாசியின் பெயர். பிறகு, பறங்கி சுமந்து வந்தவன் என்று ஐசாக்கேயின் பெயர். முறைப்படி அவன் கைதட்டித் தன் இடத்தைக் காட்டினான். கோப்பை வந்தது. இரு கையாலும் வாங்கினான். வாங்கியவன் குடித்து முடிக்காமல் அடுத்த பெயரை யாரும் அழைக்க முடியாது. எவரும் எழவும் முடியாது.

அவன் குடிக்கவில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் சினிவா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளை அவனைப் பார்த்துக் கையை ஆட்டியது. காற்று இன்னும் தென்கிழக்கிலிருந்துதான் வந்தது. பச்சையாக ஏதோ ஒன்று, தூசியைவிடச் சிறியது, பிரபுவின் மாலையில் வந்து உட்கார்ந்தது.

"குடி" என்றார் பௌலியாசி பல்லிடுக்கில். "குடிடா தம்பி."

ஐசாக்கே தலையைத் தாழ்த்தினான். பிரபுவிடம் நேராகப் பேசக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும். பேச்சாளரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். அவன் பேச்சாளரைப் பார்க்கவில்லை.

"மன்னிக்கணும், பிரபுவே. இந்தக் காய் என் வயலோட பின் மூலையில சோளத்துக்குப் பின்னால விளைஞ்சது. உங்க தோட்டத்துல விளைஞ்சது இல்ல. உங்க தோட்டத்துக் காய் அழுகிக் கிடக்கு, யாரும் உங்களுக்குக் காட்ட மாட்டாங்க. என்கிட்ட அந்த மூலைப் பிஞ்சுதான் மிச்சம். மரியாதை எதுவும் வேண்டாம், இந்தக் கோப்பையும் வேண்டாம். உங்களுக்கு நேர்ந்துவிட்ட அந்தத் தோட்டத்தை எனக்குக் குடுத்துடுங்க. என் கையாலயே பிடுங்கிக்கிறேன்."